புதிய இடுப்பு மூட்டு: முதலில் யாருக்கு?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இன்று சர்வசாதாரணம். தேய்ந்துபோன மூட்டை எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் ஒரு உலோகத் தண்டு, அதன் தலையில் ஒரு பந்து, இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம். பந்து கிண்ணத்துக்குள் சுழலும், நோயாளி சில நாட்களில் நடக்க ஆரம்பித்துவிடுவார். இந்த மூட்டுகளில் ஏறத்தாழ 58 சதவீதம் 25 வருடம் தாங்கும் என்று 2019-ல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. இவ்வளவு நன்றாக உழைக்கிற பொருளிலும் புது மாடல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சர்ஜன்களும் அவற்றைப் பொருத்திக்கொண்டே இருக்கிறார்கள். எதை நம்பி?

பெரும்பாலும் தங்கள் கையை நம்பித்தான். "நான் இதுவரை ஐம்பது பேருக்குப் போட்டிருக்கிறேன், எல்லாரும் நன்றாக நடக்கிறார்கள்" என்று ஒரு சர்ஜன் சொன்னால் அது பொய்யாக இருக்காது. ஆனால் அதற்குப் பெரிய மதிப்பும் கிடையாது. மட்டமான செல்போன் ஒரே வாரத்தில் பல்லைக் காட்டிவிடும். மட்டமான இடுப்பு மூட்டு அப்படியில்லை. முதல் இரண்டு வருடம் வலி போய்விடும், எக்ஸ்ரே அழகாக இருக்கும், நோயாளி ஸ்வீட் பாக்ஸோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போவார். தேய்மானமும் ஆட்டமும் வெளியே தெரிய ஐந்து வருடமோ பத்து வருடமோ ஆகும். அப்போது அந்த நோயாளி எங்கே போவார்? பாதிப் பேர் வேறு டாக்டரிடம்தான் போவார்கள். முதலில் பொருத்தியவருக்கு அவரைப் பொறுத்தவரை எல்லாம் வெற்றிதான்!

இந்தத் துறையின் பிதாமகர் ஜான் சார்ன்லியே இதில் அடிபட்டவர். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1950-களின் கடைசியிலிருந்து டெஃப்லானில் செய்த கிண்ணத்தை ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்தினார். ஆரம்பத்தில் பிரமாதம். இரண்டு மூன்று வருடத்தில் டெஃப்லான் தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தன. ஒவ்வொருவராகத் திரும்ப அழைத்து, தானே திறந்து எடுத்தார். 1962-ல் ஒரு விற்பனைப் பிரதிநிதி பாலிஎத்திலீன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தபோது சார்ன்லி அதை மதிக்கவே இல்லை. அவருடைய டெக்னீஷியன் ஹாரி கிரேவன்தான் விடாமல் தேய்மான மெஷினில் போட்டுப் பார்த்தார். மூன்று வாரம் ஓட்டியும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்கிற அளவுக்குக்கூட அது தேயவில்லை. அடுத்து சார்ன்லி செய்ததுதான் முக்கியம். அந்தப் பொருளைத் தன் தொடையிலேயே வைத்துப் பரிசோதித்தார். 1962 நவம்பரில் நோயாளிகளுக்குப் பொருத்த ஆரம்பித்த பிறகும், தன்னிடம் வந்து பயிற்சி பெறாத சர்ஜன்களுக்கு இந்த மூட்டை விற்கக்கூடாது என்று பல வருடம் பிடிவாதமாக இருந்தார். சூடு கண்ட பூனை!

அந்தப் பிடிவாதம் பிறகு யாரிடமும் மிஞ்சவில்லை. 1991-ல் பிரிட்டனில் 3எம் நிறுவனம் கேபிடல் என்ற மூட்டைக் கொண்டுவந்தது. பார்க்க சார்ன்லி மூட்டு மாதிரியே இருக்கும், விலை குறைவு. 4,600-க்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தியபின், 1998-ல் அரசு எச்சரிக்கை விடவேண்டி வந்தது.

பெரிய விபத்து அதற்கு அடுத்தது. பாலிஎத்திலீனும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஓடியாடுகிற இளம் நோயாளிகளுக்கு இது பிரச்சினை. 1990-களின் கடைசியில் இதற்கு இரண்டு தீர்வுகள் ஒரே நேரத்தில் பேசப்பட்டன. ஒன்று, பிளாஸ்டிக்கைக் கதிர்வீச்சால் இறுக்கித் தேய்மானத்தைக் குறைப்பது. இன்னொன்று, பிளாஸ்டிக்கே வேண்டாம், உலோகப் பந்து உலோகக் கிண்ணத்தில் சுழலட்டும் என்பது. இரண்டுமே ஆய்வக மெஷினில் அருமையாக ஓடின. இரண்டுக்கும் பெரிய சர்ஜன்கள் மேடையேறிப் பேசினார்கள். இதில் இறுக்கிய பிளாஸ்டிக் இன்று உலகம் முழுக்கப் பொருத்தப்படுகிறது, பதிவேடுகளில் பழையதைத் தூக்கிச் சாப்பிடுகிறது. உலோகத்தின் மேல் உலோகம் என்ன ஆனது?

ஜான்சன் அண்ட் ஜான்சனின் டீப்யூ நிறுவனம் 2003-ல் ஏ.எஸ்.ஆர். மூட்டை விற்க ஆரம்பித்தது. அதன் கிண்ணம் ஆழம் குறைந்தது. கச்சிதமான கோணத்தில் பொருத்தினால் சரி. கொஞ்சம் செங்குத்தாகப் போய்விட்டால் பந்து விளிம்பில் உரசும். கோபால்ட், குரோமியம் துகள்கள் உதிர்ந்து தசையையும் எலும்பையும் அரிக்கும், ரத்தத்திலும் கலக்கும். மெஷினில் கிண்ணம் எப்போதும் நல்ல கோணத்தில்தான் இருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் அப்படியா? அமெரிக்காவில் இதன் ஒரு வகைக்கு 2005-ல் அனுமதி கிடைத்தது, மனிதர்களிடம் புதிதாக எந்தப் பரிசோதனையும் இல்லாமலே. ஏற்கனவே சந்தையில் இருப்பவை மாதிரிதான் இது என்று காட்டினால் போதும் என்பது அங்கே விதி. சர்ஜனிடம் வரும்போது புதுமை, அரசிடம் போகும்போது பழையது. நல்ல வியாபாரம்!

இதைக் கண்டுபிடித்தது எந்தத் தனி சர்ஜனின் அனுபவமும் இல்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டுப் பதிவேடு. யாருக்கு எந்த மாடல் போட்டார்கள், எத்தனை பேருக்குத் திரும்பத் திறக்க வேண்டி வந்தது என்று நாடு முழுவதற்கும் ஒரே கணக்கு. 2007-லிருந்தே அங்கே எண்கள் உறுத்தின. 2009 கடைசியில் அங்கே விற்பனை நின்றது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் ஏறத்தாழ 93,000 மூட்டுகள் போயிருந்தன. ஐந்தே வருடத்தில் நூற்றுக்கு 12, 13 பேருக்கு மறு ஆபரேஷன் என்று பிரிட்டிஷ் பதிவேடு சொன்னது. நல்ல மூட்டு என்றால் பத்து வருடத்தில் நூற்றுக்கு 5-க்கு மேல் போகக்கூடாது என்பது அந்த நாடு 2014-ல் வைத்த அளவுகோல்.

இதை வைத்து சர்ஜன்கள் எல்லாரும் பணத்துக்கு விலைபோனவர்கள் என்று முடிவு கட்டுவது சுலபம். பணம் இல்லாமலும் இல்லை. சர்ஜன்களுக்கு ஆலோசனைக் கட்டணம் என்ற பெயரில் கொடுத்த தொகைகள் தொடர்பான வழக்கில், 2007-ல் அமெரிக்காவில் நான்கு மூட்டுக் கம்பெனிகள் 31 கோடி டாலருக்கும் மேல் கட்டின. ஆனால் பெரும்பாலான சர்ஜன்களுக்கு அந்தப் பணமே போகவில்லை. நாற்பது வயது நோயாளிக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற நினைப்பு, மாநாட்டில் கேட்ட பேச்சு, பக்கத்து ஆஸ்பத்திரிக்காரர் போடுகிறாரே என்ற உறுத்தல், இவை போதும். நல்ல எண்ணம் உள்ளவரே தவறுகிற இடம் என்பதால்தான் இதை அவரவர் மனசாட்சியிடம் விட்டுவிட முடியாது.

புதியது எதுவுமே வேண்டாம் என்பதும் பேத்தல். அப்படி இருந்திருந்தால் இறுக்கிய பிளாஸ்டிக்கும் வந்திருக்காது. எது தேறும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால், தெரியும்வரை குறைந்த பேருக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வழியும் இருக்கிறது. எலும்பில் சின்னச் சின்ன உலோக மணிகளை வைத்து இரண்டு எக்ஸ்ரேக்களை ஒன்றாக எடுத்தால், மூட்டு மில்லிமீட்டரில் ஒரு பங்கு நகர்ந்தாலும் தெரிந்துவிடும். ஸ்வீடனில் 1970-களிலேயே உருவாக்கிய முறை இது. சில டஜன் நோயாளிகள், இரண்டு வருடம் போதும். அதில் தேறியவற்றைச் சில மையங்களில் மட்டும், பிறகு பதிவேட்டின் கண்காணிப்பில் எல்லாருக்கும். கம்பெனிகளுக்கு இது மெதுவான வழி. 93,000 பேரை வைத்துப் பரிசோதித்ததை விட மலிவான வழி.

அதோடு, "இது புது மாடல், பத்து வருடக் கணக்கு இன்னும் கிடையாது, பழையதும் இருக்கிறது" என்ற ஒரு வாக்கியத்தை நோயாளி ஆபரேஷனுக்கு முன்னால் கேட்டாக வேண்டும். எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

இந்தியாவுக்கு ஏ.எஸ்.ஆர். இறக்குமதி உரிமம் 2006-ல் கிடைத்தது, ரத்தானது 2012-ல். சுமார் 4,700 பேருக்குப் பொருத்தியதாக மத்திய அரசின் நிபுணர் குழு சொன்னது. 1.23 கோடி ரூபாய் வரை நஷ்டஈடு என்று 2018-ல் கணக்குப் போட்டார்கள். கொடுக்கத்தான் ஆட்கள் கிடைக்கவில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் யார், எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. தங்கள் இடுப்பில் இருப்பது எந்தக் கம்பெனி மூட்டு என்று அவர்களில் பலருக்கே தெரிந்திருக்காது. இங்கே சர்ஜன்கள் சங்கம் நடத்துகிற பதிவேட்டில் எழுதுவதும் எழுதாததும் அவரவர் விருப்பம். இத்தனைக்கும் ஒவ்வொரு மூட்டும் மாடல் பெயர், லாட் நம்பர் அச்சிட்ட ஸ்டிக்கர்களோடுதான் தியேட்டருக்கு வருகிறது. ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுகிறார்கள். இன்னொன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டிக் கையில் கொடுக்க எவ்வளவு செலவாகும்?