மீண்டும் கேட்கும் பண்பு



தோட்டத்தில் பால் நிறுத்த காலத்தை நம் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். அரைவாளிப் பாலுக்கு “எண்பது இராத்தல்” என்று குரல் வந்தால் நல்ல கிராணி அதை அப்படியே ஏட்டில் எழுதிவிட மாட்டார். “இன்னொரு முறை நிறுத்துப் பார்” என்பார். ஆளை ஏசவும் மாட்டார். ஏட்டை மூடிவிட்டுப் போகவும் மாட்டார். இப்பண்பைக் கணினிக்கும் கற்பிக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

இன்று நம் பிள்ளைகள் நிரல் எழுதப் பழகுகின்றனர். கணினிக்கு வரிசையாக இடும் கட்டளைகளே நிரலாகும். மாணவர் ஒருவர் பைத்தான் மொழியில் பயணச்சீட்டு நிரல் ஒன்றை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் செல்ல எத்தனை சீட்டு வேண்டும் என்று அது கேட்கிறது. 2 என்று தட்டினால் கட்டணத்தைச் சொல்கிறது. பாட்டியார் “இரண்டு” என்று எழுத்தால் தட்டினாலோ, ஆங்கிலத்தில் ஒரு பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. “எனக்குப் படிப்பில்லை, தவறு என்னுடையது” என்று பாட்டியார் கையை எடுத்துக்கொள்கிறார். தவறு அவருடையதன்று, நிரலுடையது.

நாம் தட்டுவதைப் பைத்தான் முதலில் வெறும் எழுத்தாகவே பெறுகிறது. அதை எண்ணாக மாற்றும்போதுதான் இடறுகிறது. ‘௨’ என்னும் நம் தமிழ் இலக்கத்தை அது 2 என்றே ஏற்கும் என்பது வியப்புக்குரியது! ஆனால் “இரண்டு” என்னும் சொல்லையோ, 2.5 என்பதையோ முழு எண்ணாக மாற்ற அதனால் இயலாது. ஆகவே நிரலுக்கு இரு காவல்கள் வேண்டும். முதற்காவல்: மாற்ற முயல வேண்டும், முடியாவிடில், “1, 2, 3 போன்ற எண்ணால் எழுதுங்கள்” என்று தமிழில் பணிவாகக் கூறி மீண்டும் கேட்க வேண்டும். இதற்கென்றே ‘டிரை’, ‘எக்செப்ட்’ என்னும் கட்டளைச் சொற்கள் அம்மொழியில் உள்ளன. இரண்டாம் காவல் வரம்பு. -3 என்பதும் எண்தான். ஆயினும் அத்தனை சீட்டை யாரால் வாங்க முடியும்? புரியாததைத் தானே 0 என்று கொள்ளும் நிரலோ இன்னும் தீது. அது பிழையை மறைத்துவிடும்.

இஃது சிறுவர் பாடம் மட்டுமே என்று எண்ண வேண்டா. 1997 செப்டம்பரில் ‘யார்க்டவுன்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலின் கணினியில் ஒருவர் சுழியம் ஒன்றை இட்டார். நிரல் சுழியத்தால் வகுக்க முனைந்து குலைந்தது. கப்பல் கடலில் இயக்கமின்றி நின்றது. 2006-இல் நம் மலேசியாவிலேயே, காலமான தந்தையின் தொலைபேசிக் கட்டணம் 84 வெள்ளியைச் செலுத்தி முடித்த ஒருவருக்கு, 806 இலட்சம் கோடி வெள்ளிக்குமேல் கட்டணச்சீட்டு வந்தது. பத்து நாளில் கட்டாவிடில் வழக்கு என்ற எச்சரிக்கையும் உடன் வந்தது. அந்த எண் எவ்வாறு விளைந்திருப்பினும், “இஃது இயலக்கூடிய தொகையா?” என்று அதை இடையில் யாரும் தடுக்கவில்லை.

“சரியாகத் தட்டத் தெரியாதவர்களுக்காக நாம் ஏன் பாடுபட வேண்டும்?” எனச் சிலர் கேட்கலாம். நம்மைப் படிக்க வைத்தவை மரம் சீவிய கைகள். செம்பனைக் குலை வெட்டிய கைகள். விசைப்பலகை அவற்றுக்குப் புதிது. அக்கைகளைத் தலைகுனிய வைக்கும் நிரல், விடை சரியாயினும் முற்றுப்பெறாத நிரலே என்போம்.

மாணவச் செல்வங்களே! நிரலை எழுதி முடித்ததும், ஆசிரியரிடம் காட்டுமுன் வீட்டில் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கொடுங்கள். அவர் எதைத் தட்டினாலும் அது நின்றுவிடாமல், ஏசாமல், மீண்டும் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்குமாயின், அதன்பின் ஆசிரியரிடம் கொண்டு செல்லுங்கள்.