சோழிக் கணக்கு

யாம் வில்லியனூர்க் கொம்யூனைச் சார்ந்த ஒரு சிற்றூரிற் பிறந்தவர். இக்கல்லூரியில் தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயில்பவர். சின்னாட்களுக்கு முன்னர், விடுதியில் ஈர்ப்புக் கொள்கையைப் பற்றிய சிறு நூலொன்றை வாசித்துக்கொண்டிருக்கையில், பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவர் எட்டிப்பார்த்து, “தொல்காப்பியம் கற்கும் உமக்கு ஐன்ஸ்டைனோடு என்னங்காணும் உறவு?” என்று நகைத்தார். அருகிருந்த எம் வகுப்புத் தோழர் சினந்து, “எம் முன்னோர் சோழிகளை வைத்தே கிரகணங் கணித்தவர்; உம்முடைய ஐன்ஸ்டைன் எமக்கு எற்றுக்கு?” என்றார். இருவர் கூற்றும் எமக்கு உடன்பாடன்று. அன்று இரவு வாய்ச்சொல்லாற் சொல்ல மாட்டாததை ஈண்டு எழுத்தாற் சொல்லத் துணிந்தோம்.

தோழர் கூற்றை முதலில் நோக்குவோம். அது வெறுங்கதையன்று, எம் ஊருக்கு இரண்டு மணி நடைத் தொலைவில் நிகழ்ந்த செய்தி. சுக்கிரன் சூரிய பிம்பத்தின் குறுக்கே கடந்து செல்வதைக் காணும்பொருட்டு லெ ஜாந்தி என்னும் வானநூலார் 1760-இல் பிரான்சு தேசத்தினின்றும் புறப்பட்டார். அவர் வழியிலிருக்கையிலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1761-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் ஆடுங் கப்பலில் நின்று அவர் கண்ட காட்சி கணக்கிற்குப் பயன்படவில்லை. எட்டாண்டு கீழ்த்திசையிலேயே காத்திருந்து, 1769 ஜூன் 4-ஆம் நாட் காலையில் புதுச்சேரியில் கருவிகளோடு நின்றார். முகில் மூடிக்கொண்டது. சுக்கிரன் கடந்து போனபின் கதிரவன் தெளிவுற வெளிப்பட்டான். வில்லியனூரில் ஏர் பிடித்தவர் அம்முகிலைப் பார்த்து மழை வருமென மகிழ்ந்திருக்கவுங் கூடும்.

இத்துணைப் பாடு எதற்கெனின், கெப்ளரின் விதிகள் கிரகங்களின் தூரங்களை ஒன்றற்கொன்று விகிதமாகவே தருவன. அவற்றுள் ஒன்றேனும் உண்மை அளவில் தெரிந்தாலன்றி ஏனையவை தெரியா; சூரியனின் நிறையைத் துணியவும் இயலாது. உலகின் பல்வேறிடங்களிலிருந்து சுக்கிரன் கடப்பை அளந்து ஒப்பிட்டால் அவ்வொன்று கிட்டும். 1769-ஆம் ஆண்டின் அளவைகளால் அறிஞர் கண்ட சூரிய தூரம் 15 கோடிக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். இன்றைய கணக்கு 14.96 கோடி.

நிற்க. லெ ஜாந்தி புதுச்சேரியில் இருந்த காலத்தில் தமிழர் ஒருவரிடம் கிரகணங் கணிக்கும் முறையைக் கற்று, தம் தேசம் மீண்டபின் நூலில் எழுதி வெளியிட்டார். 1765 ஆகஸ்டு 30-ஆம் நாள் நேர்ந்த சந்திர கிரகணத்தின் கால நீட்சியைத் தமிழர் முறை 41 விநாடி குறைத்துக் காட்டிற்று. ஐரோப்பாவிற் பெயர் பெற்ற மாயரின் அட்டவணைகளோ 68 விநாடி மிகுத்துக் காட்டின. இதனை எம் தோழர் கேட்டால் துள்ளுவார். ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. சென்னை வானிலையத்திற் பணியாற்றிப் பின்னர்ப் புதுச்சேரியில் வாழ்ந்த ஜான் வாரன், அவ்வூர்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையிற் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே, 1825-ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 இரவில் நேரும் சந்திர கிரகணத்தைக் கணித்தமையைத் தம் காலசங்கலிதம் என்னும் நூலிற் பதிந்துள்ளார். தொடக்கத்தில் 4 நிமிடம் பிழை, நடுவில் 23, முடிவில் 52. முன்னதைப் பறைசாற்றிப் பின்னதை மறைப்பது நேர்மையாகாது. அக்கணிதருக்குத் தாம் செய்யும் கணக்கின் காரணம் சிறிதுந் தெரியாது என்றும் வாரன் எழுதினார். எம்மை வருத்துவது 52 நிமிடப் பிழையன்று, இதுவே.

அம்முறை இழிந்ததென்று யாம் சொல்லவில்லை. சந்திரன் ஒன்பது முறை தன் அண்மை நிலைக்கு மீளும் காலம் ஏறத்தாழ 248 நாள் என்று கண்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு வாக்கியமாக 248 வாக்கியங்கள் யாத்து, எழுத்துக்கு எண் வைத்துப் பாடும்படி செய்தவர் பேரறிஞரே. நிகண்டை நெட்டுருச் செய்து அல்லலுற்ற எம் போன்றார்க்கு அதன் அருமை தெரியும். ஆனால் வாக்கியத்தை யாத்தவர் வானைப் பார்த்தார். ஒப்பித்தவரோ வாக்கியத்தையே பார்த்தார். வானமும் வாக்கியமும் மெல்ல விலகின. இன்றும் எம் புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட திருநள்ளாற்றில் வாக்கியப்படி 2023 டிசம்பர் 20-இல் சனிப்பெயர்ச்சி விழா நிகழ்ந்தது. திருக்கணிதப்படியோ அது அவ்வாண்டு ஜனவரி 17-ஆம் நாளே முடிந்துவிட்டது. பிறர் வழிபாட்டைக் குறைகூறுதல் கிறிஸ்தவராகிய எமக்கு அழகன்று, குறைகூறவுமில்லை. கணக்கு காட்டும் விலகலையே சுட்டினோம்.

பாகூரை எண்ணுந்தோறும் இக்கவலை பெருகுகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்க பல்லவன் காலத்தில் அவ்வூர் வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறும். வேதாங்கம் ஆறனுள் சோதிடமும் ஒன்றாகலின், வானக் கணிதம் அங்கு ஓதப்பட்டிருக்கும் எனக் கருதுதல் மிகையன்று. ஏரியும் நெல்வயலும் சூழ்ந்த ஒரு நாட்டுப்புறத்தில் உயர்கல்விக்கு மூன்று ஊர்களின் வருவாயை ஒதுக்கினர்! இக்காலத்துச் சிற்றூர்ப் பிள்ளைக்கோ, கொள்கைப் பௌதிகம் நகரத்தார்க்கும் ஆங்கிலத்தார்க்கும் உரியதென்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடுகின்றது.

எம் குற்றத்தையும் மறையோம். இரு பொருள்களின் ஈர்ப்பு அவற்றின் நிறைப் பெருக்கத்திற்கு நேர் விகிதத்திலும், தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர் விகிதத்திலும் இருக்கும் என்று பள்ளித் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்றோம். பூமி இழுக்கச் சந்திரன் ஏன் விழவில்லை என்று எம் பாட்டியார் கேட்டபோது விழித்தோம். அது விழுந்துகொண்டேதான் இருக்கின்றது, பக்கவாட்டில் விரையும் வேகத்தால் பூமியைத் தப்பித் தப்பி விழுகின்றது என்பதை இவ்விடுதிக்கு வந்தபின்னரே அறிந்தோம். அன்று யாம் பரப்பியதும் சோழிகளே.

இனிப் பௌதிக நண்பருக்கு ஒரு சொல். சோழிக் கணிதரை நகைக்கும் உரிமை உமக்கும் இல்லை. குவாண்டம் இயக்கவியல் 1925-இல் உருப்பெற்று நூறாண்டு கடந்தது. அதன் கணக்குகள் வியக்கத்தக்கவாறு பலிக்கின்றன. அக்கணக்கின் பொருள் யாது என்பதிலோ அறிஞர் இன்னும் ஒருமித்திலர். அதனையும் ஈர்ப்பையும் ஒரே கொள்கையுள் அடக்கவும் எவர்க்கும் இதுகாறும் முழுதுங் கைகூடவில்லை. நியூட்டனின் கணக்கு இருநூறாண்டு வெற்றி கண்டும், புதன் கிரகத்தின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை கூடுதலாகத் திரும்புவதற்குக் காரணங் காட்ட மாட்டாது நின்றது. 1915-இல் ஐன்ஸ்டைனே காட்டினார். ஆயினும் உம்மவர்க்கும் அக்கணிதருக்கும் ஒரு வேற்றுமையுண்டு. உம்மவர் தாம் அறியாததை அறியாததென்று எழுதி வைக்கின்றனர். பிழை நேர்ந்த இடத்தில் நின்று ஏன் என்று கேட்கின்றனர். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகர், 1930-இல் கப்பலிற் செல்லும்போது, குவாண்டம் கொள்கையையும் ஒப்புமைக் கொள்கையையும் சேர்த்து, வெண்குறுமீன் தாங்கக்கூடிய நிறைக்கு எல்லையுண்டு என்று கணித்தார். அவ்வெல்லை சூரிய நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அப்பொழுது அவருக்கு அகவை பத்தொன்பது; எம் அகவையும் அதுவே (பிற ஒப்புமை யாதும் இல்லை!). 1935-இல் எடிங்டன் பேரவையில் அதனை மறுத்துரைத்தார். நோபெல் பரிசு 1983-இல் வந்தது.

ஆதலின் எம் கருத்து இது. ஏன் என்னும் வினா தாய்மொழியிலேயே முதலில் எழும். விடையின் முதற்படியும் அம்மொழியிலேயே கிட்டவேண்டும். சமன்பாட்டிற்கு மொழியில்லை என்பர் சிலர். மெய், ஆனால் அதன் பொருளை விளக்கப் புகுவார்க்கு மொழியன்றி வேறு கருவி யாது? இப்பகுதியில் ஆண்டுதோறும் ஒரு பௌதிகக் கட்டுரையேனும் இடம்பெறுதல் வேண்டும். அதனைப் பௌதிக மாணவரும் தமிழ் மாணவரும் கூடியிருந்து எழுதவேண்டும். பௌதிகர் தனித்து எழுதினால் விளங்காது. யாம் தனித்து எழுதினால் பிழைபடும்.

நகைத்த நண்பரிடம் இதனைச் சொன்னோம். இக்கிறிஸ்துமஸ் விடுமுறையில் எம்முடன் வந்து, பாகூர் ஏரிக்கரையில் எம் உறவுப் பிள்ளைகளுக்குச் சந்திரன் விழுங் கதையைச் சொல்ல இசைந்தார். சொல்லுமுன் தமக்கு ஒரு சொல் வேண்டும் என்றார். நின்ற பொருள் நிற்கவும் ஓடும் பொருள் ஓடவும் முயலும் இயல்புக்குப் பழைய நூல்கள் சடத்துவம் என்கின்றன. பாடநூல் நிலைமம் என்கின்றது. அவ்வியல்பின் அளவும் ஈர்ப்புக்கு உட்படும் நிறையின் அளவும் ஒத்திருத்தலே ஐன்ஸ்டைன் கொள்கைக்கு வித்தாதலின், அச்சொல்லைத் தவறவிடல் ஆகாதாம். இரண்டு இரவாக வழக்காடுகின்றோம், இன்னும் முடிந்தபாடில்லை.