வாணவேடிக்கையும் திரும்பும் வழியும்

ஜப்பானில் வாழ்ந்த காலத்தில், கோபே துறைமுகத்தில் அப்போது ஆகஸ்டு மாதம் நடந்துவந்த வாணவேடிக்கையை ஒருமுறை பார்க்கப் போயிருந்தோம். வாணத்தை அம்மொழியில் 'நெருப்புப் பூ' என்கிறார்கள். கடல்மேல் விரிந்த அந்தப் பூக்களைப் பற்றி எழுத ஆசைதான். ஆனால் நினைவில் தங்கியிருப்பது வேறு. ரயில் நிலையத்திலிருந்து கரைக்குச் சிறு தூரம். அதைக் கடக்க ஒரு மணி நேரம் பிடித்தது. கயிறு பிடித்த காவலர்கள் கூட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போகும் வழி வேறு, திரும்பும் வழி வேறு. நடைபாலத்தில் யாரும் நிற்கக்கூடாது என்று ஒலிபெருக்கி ஓயாமல் கெஞ்சியது. 'ஒரு வேடிக்கைக்கு இத்தனை கெடுபிடியா' என்று எங்களுக்குள் தமிழில் முணுமுணுத்துக்கொண்டோம். உடன் வந்த நண்பர் முகபாவத்திலேயே புரிந்துகொண்டு, அகாஷியைப் பற்றிச் சொன்னார்.

கோபேக்கு மேற்கே, ரயிலில் சிறிது நேரப் பயணத்தில் இருக்கும் கடற்கரை நகரம் அகாஷி. 2001 ஜூலை 21 அன்று இரவு அங்கும் வாணவேடிக்கை. ரயில் நிலையத்தையும் கடற்கரையையும் இணைத்தது ஒரு நடைபாலம். சுமார் நூறு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம். கடற்கரைப் பக்கம் இறங்கும் படிக்கட்டோ அதில் பாதி அகலம்தான். படியின் அடியில் வரிசையாகத் தின்பண்டக் கடைகள். பாலத்திலிருந்து பார்த்தால் வாணம் நன்றாகத் தெரியும் என்பதால் பலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். வேடிக்கை முடிந்ததும் திரும்புகிறவர்கள் கீழிருந்து ஏற, இன்னும் கரைக்கே வந்து சேராதவர்கள் மேலிருந்து இறங்க, இரண்டு வெள்ளமும் படிமுனையில் மோதின. 11 பேர் நசுங்கி இறந்தார்கள். அவர்களில் 9 பேர் குழந்தைகள். மற்ற இருவர் எழுபதைக் கடந்த பெண்கள்.

இதன் பிறகு நடந்ததைத்தான் முக்கியமாகக் கருதுகிறோம். முடிக்குச் சாயம் பூசிய இளைஞர்கள் சிலர் கலாட்டா செய்ததால் நெரிசல் உண்டாயிற்று என்று முதலில் ஒரு கதை பரவியது. அது நிலைக்கவில்லை. முந்தைய ஆண்டிறுதியில் அதே கடற்கரையில் நடந்த புத்தாண்டு நிகழ்ச்சிக்கான பாதுகாப்புத் திட்டத்தையே ஏறக்குறைய அப்படியே பெயர்த்து எழுதியிருந்தார்கள் என்பது தெரியவந்தது. நகராட்சி அலுவலர்கள், காவல் அதிகாரி, தனியார் காவல் நிறுவனப் பொறுப்பாளர் ஆகியோர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். 2005-இல் சட்டம் திருத்தப்பட்டு, கூட்டக் காவல் தனியொரு பணியாக வரையறுக்கப்பட்டது. நாங்கள் முணுமுணுத்த கெடுபிடி அந்தப் பதினொரு பேர் தந்துவிட்டுப் போனது. ஒழுங்கு ஜப்பானியர் இரத்தத்தில் ஊறியது என்று இங்கே மேடைதோறும் சொல்கிறவர்களுக்கு அகாஷியை யாராவது எடுத்துச்சொல்ல வேண்டும்.

இப்போது நாங்கள் புழலில் இருக்கிறோம். 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, விமானப்படையின் சாகச நிகழ்ச்சியைப் பார்க்க எங்கள் தெருவில் பாதிப் பேர் விடியற்காலையிலேயே மெரினாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். 72 விமானங்கள் என்ற அறிவிப்பே பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருந்தது. நாங்கள் போகவில்லை, தொலைக்காட்சியில் பார்த்தோம். உச்சி வெயிலில் நிகழ்ச்சி முடிந்ததும் அத்தனை லட்சம் பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். 5 பேர் இறந்தார்கள். வெயில் ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் குடையும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லியிருந்தோமே என்று அதிகாரத் தரப்பிலிருந்து வந்த பதிலும், 'நம் ஜனங்களுக்கு ஒழுங்கு தெரியாது' என்று படித்தவர்கள் உதிர்த்த வாக்கியமும், அகாஷியின் சாயம் பூசிய இளைஞர்களையே எங்களுக்கு நினைவூட்டின.

வடசென்னையிலிருந்து மெரினாவுக்கு அன்று எப்படிப் போக முடிந்தது என்று யாரும் கேட்கவில்லை. நான்காவது ரயில்பாதைப் பணிக்காக, கடற்கரை நிலையத்துக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் 2023 ஆகஸ்டு முதல் நிறுத்தப்பட்டிருந்தது. நிகழ்ச்சி முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் அந்தப் பாதை மீண்டும் திறந்தது. ராயபுரத்துக்காரரும் எண்ணூர்க்காரரும் பூங்கா நிலையத்தில் இறங்கி, நடந்து போய் வேறு ரயில் பிடித்தார்கள். திரும்பும்போது வெயிலில் வாடிய பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அதே நடை. இது முன்கூட்டியே தெரியாத செய்தியன்று.

இதே காவல்துறைக்குக் கூட்டத்தைக் கையாளத் தெரியாது என்றும் சொல்ல மாட்டோம். காணும் பொங்கலன்று அதே மணலில் கடலுக்கு முன்னால் தடுப்பு கட்டி, குழந்தைகளின் கையில் அடையாளப் பட்டை சுற்றி அனுப்புகிறார்கள். பல ஆண்டுப் பழக்கத்தில் வந்த திறமை அது. புதிதாக ஒன்று வரும்போதுதான் பழைய திட்டத்தைப் பெயர்த்து எழுதும் ஆபத்து இருக்கிறது. கோபேயில் 2022-இல் ஒரே இரவு வாணவேடிக்கையை ஐந்து இரவுகளாகப் பிரித்து, இரவுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தார்கள். பிரம்மாண்டம் குறைந்திருக்கும்தான்.

எங்கள் பக்கத்துக் கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1870களில் தொடங்கிய துறைமுகச் சுவர், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை வழிமறித்தது. தேங்கிய மணலில் மெரினா அகன்றது. மணல் வராமற்போன ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரையைக் கடல் அரித்தது. பின்னர் பாறைகளைக் கொட்டி நிறுத்தினார்கள். மிச்சத்தைத் துறைமுகங்களும் ஆலைகளும் எடுத்துக்கொண்டன. ஆகவே கடல் பார்க்க வடசென்னை மெரினாவுக்குப் போகிறது. தனக்கு வர வேண்டியிருந்த மணலில் உட்காரத்தான் போகிறது. அங்கே போய் நிற்பவனை 'கூட்டம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எங்களுக்கு ஒப்பவில்லை.

அடுத்த முறை அறிவிப்பு வரும்போது, எத்தனை விமானங்கள் என்பதோடு, எந்தத் தெரு வழியாக, எத்தனை மணிக்கு, எந்த ரயிலில் எண்ணூர் திரும்பலாம் என்பதும் அதில் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கக் காத்திருக்கிறோம்.