சிரிப்புப் படத்தில கள்ளன் ஆர்?

'80 நாட்களில் உலகைச் சுற்றி' (2004) படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "நல்ல நாவலைக் கெடுத்துப்போட்டாங்கள்" எண்டுதான் பலரும் சொல்லுவினம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

ஜூல்ஸ் வேர்ண் எழுதி 1873இல் நூலாக வந்த கதையில், இங்கிலாந்து வங்கியில் 55,000 பவுண் களவு போகிறது. பழி பிலியஸ் ஃபொக் மேல் விழுகிறது. அவருடைய வேலைக்காரன் பாஸ்பார்ட்டூ விசுவாசமான ஒரு பிரெஞ்சுக்காரன். படத்தில் அந்த வேலைக்காரன் ஜாக்கி சான். அவர் வங்கியிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடுவது காசில்லை. சீனாவில் தன்ர ஊரிலிருந்து களவு போன ஜேட் கல் புத்தர் சிலை. அதை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஃபொக்கோடு பயணம் கிளம்புகிறார்.

அப்ப கள்ளன் ஆர்? எடுத்தவனா, பூட்டி வைத்திருந்தவனா? அடிதடிக்கும் பகிடிக்கும் நடுவில் படம் கேட்கிற இந்தக் கேள்வி நாவலில் இல்லை. வேலைக்காரனைக் கதையின் நடுவுக்குக் கொண்டுவந்ததால்தான் அது வந்தது.

ஆனால் ஒரு குறை. நாவலில் உடன்கட்டையிலிருந்து காப்பாற்றப்பட்டு, லண்டன் வரை கூடவே வந்து, ஃபொக்கை மணக்கும் பார்சிப் பெண் அவுடா படத்தில் இல்லை. அந்த இடத்தில் மொனிக் எண்ட பிரெஞ்சு ஓவியப் பெண். சிலையை ஊருக்குத் திருப்பிக் கொடுக்க நினைத்தவர்களுக்கு, அவுடாவின் இடத்தை அவளுக்கே விட்டுவைக்க ஏன் மனம் வரேல்லை?

படத்தைப் பாருங்கோ, நல்லாச் சிரியுங்கோ. பிறகு நாவலையும் ஒருக்கா வாசியுங்கோ.