சரள் பாதையும் நாங்களும்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

"மெயின் ரோட்டிலேயே போ, வாய்க்கால் கரைப் பக்கம் போகாதே." எங்கள் வகுப்பில் சைக்கிளில் வரும் மாணவியர் எல்லோரும் வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய கட்டளை இது. பெற்றோரின் அன்பை நான் ஐயுறவில்லை. ஆனால் இக்கட்டளை சரிதானா என்பதை இந்த ஆண்டு மலரின் வாயிலாகக் கேட்க விரும்புகின்றேன். சரியன்று என்பதே என் கருத்து.

முதலில் அந்தக் கரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்; வெளியூர்த் தோழியர் பலர் அதைப் பார்த்ததில்லை. பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் நம் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 125 கிலோ மீட்டர்தான். இந்தச் சிறிய ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்பன அவை. கடைசி அணை மட்டும் ஆங்கிலேயர் காலத்தது. மற்றவை அதற்கும் முந்தியவை. நதியுண்ணி! ஆற்றையே உண்டுவிடும் என்று ஓர் அணைக்குப் பெயர் வைத்தவர் குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும். இவ்வணைகளிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் கரைமேல் பாதைகள் செல்கின்றன. ஊர்களுக்குள் அப்பாதை வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே காணாமற் போய்விடும். சில இடங்களில் சிமெண்டும் போட்டுவிட்டார்கள். மற்ற இடங்களில் இன்றும் சரள் மண்தான்.

எங்கள் ஊர்ப் பக்கம் போவது கன்னடியன் கால்வாய். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஆற்றிலிருந்து பிரிந்து, வீரவநல்லூர், காருக்குறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை என்று கிழக்கே போகிறது. இதை வெட்டியவர் கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் என்று கதை சொல்வார்கள். எந்த வழியாக வெட்டுவது என்று அவர் அகத்தியரைக் கேட்டாராம். ஒரு பசு முன்னே போகும், அது போகிற வழியே வெட்டு, அது சாணமிடும் இடத்தில் மடை வை, படுக்கும் இடத்தில் குளம் வெட்டு என்று முனிவர் சொன்னாராம். கதை உண்மையோ இல்லையோ, கால்வாயின் போக்கைப் பார்த்தால் பசு நடந்த மாதிரிதான் இருக்கிறது! நேராகவே போகாது. மேட்டைக் கண்டால் ஒதுங்கும், பள்ளத்தைக் கண்டால் சுற்றிப் போகும்.

இதில் ஓர் அறிவியலும் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் தானாக ஓட வேண்டும். ஆனால் விரைந்து ஓடினால் கரையை அரித்துவிடும். ஆகவே முன்னோர் நிலத்தின் மட்டத்தை ஒட்டி, மிக மெல்லிய சரிவாக அதை வெட்டினார்கள். தண்ணீருக்கு ஏற்ற சரிவு சைக்கிளுக்கும் ஏற்றதே. மலையடிவாரத்தில் இருந்துகொண்டே ஒரு மேடு கூட மூச்சு வாங்காமல் பல மைல் போகலாம் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். ஆனி, ஆடியில் மட்டும் காற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்கே மலைக்கணவாய் வழியே வரும் காற்று, கிழக்கே போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும், "நான் எவ்வளவு வேகமாக மிதிக்கிறேன்!" என்று பெருமையாக இருக்கும். திரும்பும்போதுதான் தெரியும். அதனால் கால் புதிதாக இருக்கும்போதே மேற்கே போய்விட்டு, களைத்தபின் காற்றோடு வீடு திரும்புவதுதான் புத்திசாலித்தனம்.

சரளில் ஓட்டுவது தாரில் ஓட்டுவது போலன்று. டயரில் காற்று கல்லாக இருந்தால் வண்டி துள்ளும். கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தால் சறுக்கும். பின் பிரேக்கை மெல்லப் பிடித்து, பெடலை நிறுத்தாமல் மிதித்து வந்தால் வண்டி தானே வழி கண்டுகொள்ளும். விடுமுறையில் அப்பாவுடன் இருமுறை போய் நான் கற்றுக்கொண்டது இது. அந்த இருமுறையும் நான் கண்டவற்றை எழுதினால் இம்மலரில் மற்றவர்களுக்கு இடமிராது. பிசான நடவு முடிந்த வயல்கள், அறுவடை முடிந்த வயலில் தாரா மேய்ப்பவர், பத்தமடைப் பக்கம் பாய்க்காகக் காயவைத்த கோரை, எங்கே திரும்பினாலும் கூடவே வரும் மலை. மெயின் ரோட்டிலும் அதே மலை இருக்கிறது. ஆனால் அங்கே தலையைத் தூக்கிப் பார்க்க முடியுமா?

இப்போது பெரியவர்களின் தடைகளுக்கு வருகிறேன். "அங்கே ஆள் நடமாட்டம் இல்லை" என்பது முதல் தடை. காலை ஆறரை மணிக்கு வந்து பாருங்கள். படித்துறையில் துணி துவைக்கும் அக்காமார், மண்வெட்டியோடு மடை பார்க்கப் போகும் தாத்தாமார், பால் கொண்டு போகிறவர்கள் என்று எத்தனை பேர்! "எம்மா, யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்று கேட்காமல் ஒருவரும் நம்மைத் தாண்டமாட்டார்கள். ஆயிரம் பேர் போகும் மெயின் ரோட்டில் அப்படிக் கேட்க ஒருவர் உண்டா? உச்சி வெயிலிலும் பொழுது சாய்ந்த பின்னும் கரை வெறிச்சோடிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்நேரங்களை நாங்கள் கேட்கவில்லை. மாலையில் பாலத்தடியில் குடிப்பவர்கள் கூடுகிறார்கள் என்பதும் உண்மையே. ஆனால் அதற்கு என்ன செய்ய வேண்டும்? அவர்களை எழுப்பி அனுப்புவதா, எங்களை வீட்டில் உட்கார வைப்பதா? இரண்டாவது எளிது என்பதாலேயே அது நியாயமாகிவிடுமா?

மெயின் ரோடு பத்திரமானது என்பதை எப்படி நம்புவது? எதிரெதிரே இரண்டு பேருந்துகள் வந்தால் சைக்கிள்காரர் சாலையை விட்டே இறங்க வேண்டும். தாரின் விளிம்புக்கும் மண்ணுக்கும் நாலு விரற்கடைப் பள்ளம். சென்ற ஆண்டு எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி அப்படி இறங்கித்தான் விழுந்தாள். மூன்று வாரம் கையில் கட்டோடு வகுப்புக்கு வந்தாள். அவளுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தது நாங்கள்தான். அவளையும் வீட்டில் வாய்க்கால் கரைக்குப் போகாதே என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவள் சொன்ன சொல் கேட்டாள்.

என் தம்பி ஏழாம் வகுப்புப் படிக்கிறான். என்னைவிட மூன்று வயது சிறியவன். என் அளவுக்குச் சைக்கிளும் ஓட்டத் தெரியாது. அவன் தன் நண்பர்களோடு ஞாயிறு பூசை முடிந்ததும் கரைவழியே போய்விடுகிறான். திருப்புடைமருதூரில் செங்கால் நாரைகள் கூடு கட்டியிருப்பதை அவன் வந்துதான் எனக்குச் சொல்கிறான். ஊர் மக்களே பறவைகளைக் காத்ததால் 2005 இல் அரசு அவ்விடத்தைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது என்பதை அவனுக்குச் சொன்னது நான்! படித்தது நான், பார்த்தது அவன். ஏன் என்று கேட்டால், "அவன் ஆம்பிளைப் பிள்ளை" என்கிறார்கள். பாம்புக்கும் பள்ளத்துக்கும் அந்த வேறுபாடு தெரியுமா என்று கேட்க நினைத்தேன். வாய் அதிகம் என்பார்களே என்று விட்டுவிட்டேன். இங்கே கேட்டுவிட்டேன்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்லுடைக்கும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கானோர் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல், நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்களாம். பின்னர் 2001–02 இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005–06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. அடுத்த ஆண்டு எங்களுக்கும் கிடைக்கும். அரசு வண்டியைக் கொடுக்கிறது. வீடு வழியைக் கொடுக்க வேண்டாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அப்படியானால் கரைக்குத் தார் போடச் சொல்லுவோம்" என்று என் மாமா ஒருவர் சொன்னார். தயவுசெய்து வேண்டாம்! தார் போட்ட மறுநாளே மோட்டார் சைக்கிள்களும் டிராக்டர்களும் வந்துவிடும். பிறகு அதுவும் ஒரு மெயின் ரோடுதான். 2023 டிசம்பர் வெள்ளம் அரித்த கரைகளைப் பார்த்தவர்களுக்குச் சரள் பரப்பிச் செப்பனிடுவதன் அருமை தெரியும். அதைச் செய்தால் போதும். மணிமுத்தாறு அணைக்கு அப்பால், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் ஓரமும் நாங்கள் கேட்கவில்லை. சிறுத்தையும் கரடியும் அடிவாரத் தோட்டங்களுக்கே இறங்கி வருகின்றன. அவற்றின் வழியை அவற்றிற்கே விட்டுவிடுவோம்.

எங்கள் வேண்டுகோள் சிறியது. மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஆறரை முதல் எட்டரை வரை, ஆறு பேருக்குக் குறையாமல், உடற்பயிற்சி ஆசிரியையுடன் மேற்கே கன்னடியன் அணைக்கட்டு வரை போய்த் திரும்ப அனுமதி வேண்டும். விடுதியில் ஓய்வாக இருக்கும் சிஸ்டர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். இளமையில் கிராமத்து மருந்தகங்களுக்கு அவரும் சைக்கிளில்தான் போவாராம். அங்கி செயினில் சிக்காமலிருக்கத் துணி உலர்த்தும் கிளிப்பு மாட்டிக்கொள்வாராம். "தலைமையாசிரியையிடம் நான் பேசுகிறேன்" என்றிருக்கிறார்.

பொதுத் தேர்வு முடிந்து, ஜூனில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்ததும் தொடங்கலாம். பஞ்சர் ஒட்டும் பெட்டியும் காற்றடிக்கும் பம்பும் என்னிடம் இருக்கின்றன. வர விரும்பும் தோழியர் வீட்டில் கையெழுத்து வாங்கி என்னிடம் கொடுக்கலாம்.