பேசினால் மூளைக்குக் கேட்காதா?

“டிப்ரஷன்னா மூளையில கெமிக்கல் குறையறது. மாத்திரை போட்டா சரியாப் போயிடும். உட்கார்ந்து சின்ன வயசுக் கதையெல்லாம் பேசி என்ன ஆகப் போகுது?” படித்தவர்கள் வீட்டில் இந்தப் பேச்சு சகஜம். சொல்பவர் குரலில் ஓர் அறிவியல் மிடுக்கு வேறு இருக்கும். மூளை ஸ்கேன் வந்துவிட்ட காலத்தில் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டும் அவர் சோஃபாவும் எதற்கு என்பது இதன் வால். வேடிக்கை என்னவென்றால், இந்த நம்பிக்கையின் காலை வாருவது மூளை அறிவியலேதான்.

முதலில் அந்தக் கெமிக்கல். 1950களில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்தபோது சிலருக்கு உற்சாகம் பொங்கியது. அத்தகைய மருந்துகள் மூளையில் எவற்றைக் கூட்டுகின்றன என்று பார்த்து, அவை குறைந்ததால்தான் சோர்வு வந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் இறங்குகிறது. அதற்காக உடம்பில் பாராசிட்டமால் குறைந்ததால் காய்ச்சல் வந்தது என்போமா? இன்றைய மருந்துகள் செரட்டோனினைச் சில மணி நேரத்திலேயே கூட்டிவிடும். மனம் தெளியவோ வாரக்கணக்கில் ஆகும். 2022இல் மனநல மருத்துவர் ஜோவன்னா மோன்க்ரீஃபும் குழுவினரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, செரட்டோனின் குறைவால் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதினார்கள். மருந்து பலன் தருமா என்பது வேறு வழக்கு. பைபோலார் நோயாளியின் லித்தியத்தைப் பிடுங்கச் சொல்லி இதை எழுதவில்லை. எந்த மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

சரி, பேச்சு மூளையைத் தொடுமா? எரிக் காண்டெல் வியன்னாவில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போனவர். உளப்பகுப்பாய்வாளர் ஆக ஆசைப்பட்டவர், கடைசியில் கடல் முயல் எனப்படும், வெளியே ஓடு தெரியாத நத்தை ஒன்றில் போய் நின்றார். அதன் வாலில் திரும்பத் திரும்ப மின்னதிர்ச்சி கொடுத்தால், பிறகு மெல்லத் தொட்டாலே செவுளைச் சுருக்கிக்கொள்ளும். அந்தப் பழக்கம் நாள்கணக்கில் நிலைக்கும்போது, அதன் நரம்பணுக்கள் புதிய இணைப்புகளை முளைக்கவிட்டிருக்கும். கற்றல் என்பது நரம்பின் வடிவமே மாறுவது. இதற்காக அவருக்கு 2000இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1979இலேயே அவர் எழுதிவிட்டார்: ஒருவர் பேச, இன்னொருவர் கேட்டு மாறுகிறார் என்றால், அவருடைய மூளையில் ஏதோ மாறியிருக்கிறது. மூளையைத் தொடாமல் மனத்தை மட்டும் தொடும் சிகிச்சை என்று ஒன்று இருக்க முடியாது.

கவுன்சலிங்கில் நல்ல வார்த்தை சொன்னால் போதாதா, பழசை ஏன் கிளற வேண்டும் என்பார்கள். இதற்கு ஜெனீவாவில் ஒரு பதில் இருக்கிறது. எதுவார் கிளாபரேட் என்ற மருத்துவரிடம் ஒரு பெண் நோயாளி இருந்தார். புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்காது. தினமும் பார்க்கும் டாக்டரே அவருக்குப் புது ஆள். ஒருநாள் கிளாபரேட் விரல்களுக்கிடையே குண்டூசியை மறைத்துக்கொண்டு கைகுலுக்கினார். குத்தியது, சற்று நேரத்தில் அந்தப் பெண் மறந்தும் போனார். மறுபடி கை நீட்டியபோது வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்றால் தெரியவில்லை. கையை இழுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா என்று எதிர்க்கேள்விதான் வந்தது. கிளாபரேட் இதை 1911இல் பதிவு செய்தார். (இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது.)

ஃப்ராய்டின் வழியில் வந்த சைக்கோடைனமிக் பேச்சு சிகிச்சையின் அடிப்படைக் கூற்றும் இதுதான்: ஞாபகத்தில் இல்லாதது நடத்தையில் இருக்கும். நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் குழந்தைப் பருவத்தில் முழுதாகத் தேறியிருப்பதில்லை. பயத்தைப் பதியவைக்கும் அமிக்டலா அதற்கு முன்பே வேலைக்கு வந்துவிடுகிறது. அன்பு காட்டுகிறவர்களிடம் கூடக் கையை இழுத்துக்கொள்ளும் மனிதரிடம் நல்ல வார்த்தை சொல்லிப் பயனில்லை. அந்த இழுப்பு சிகிச்சை அறையிலேயே, சிகிச்சையாளரிடமே நிகழ வேண்டும். அங்கே ஊசி குத்தாமல் இருக்க வேண்டும். இந்தச் சிகிச்சைக்கு மாதக்கணக்கில் ஆவது அதற்குத்தான். 2000இல் கரிம் நாடெரும் ஜோசப் லெடூவும் எலிகளில் காட்டியது இங்கே பொருந்துகிறது: கெட்டிப்பட்ட பய நினைவு திரும்பக் கிளறப்படும்போது கொஞ்ச நேரம் இளகி, மறுபடி உறைகிறது. எலியிலிருந்து மனிதருக்குத் தாவுவது ஊகம்தான், ஆனால் காலூன்ற இடமுள்ள ஊகம். ஜெர்மனியில் ஆனா புக்ஹைம் குழு, மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்தவர்களை 15 மாத சைக்கோடைனமிக் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து 2012இல் முடிவை வெளியிட்டது. அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பகுதியின் மிகைச் செயல்பாடு தணிந்திருந்தது. நோயாளிகள் 16 பேர்தான். இதை வைத்துக் கொடியேற்ற முடியாது. ஆனால் பேச்சு மூளைக்கு எட்டாது என்பவர்களிடம் இந்த அளவு கூடக் கிடையாது.

உளப்பகுப்பாய்வாளர்களும் சுத்தமில்லை. நரம்பியல் மருத்துவரான ஃப்ராய்டு 1895இல் மனத்தை நரம்பணுக்களால் விளக்கி எழுதிப் பார்த்து, முடியாமல் மூட்டை கட்டி வைத்தார். பின்னால் வந்தவர்கள் அந்த மூட்டையைப் பிரிக்கவே மறுத்து, சோதனைச்சாலை என்றாலே முகம் சுளித்துப் பல பத்தாண்டுகளைத் தொலைத்தார்கள். ஃப்ராய்டு பெண்களைப் பற்றிச் சொன்னவற்றில் பெரும்பகுதியைக் குப்பையில் போடலாம்.

கெமிக்கல் என்று சொன்னால் நோயாளி மீதான பழி குறையுமே என்பது நல்லெண்ணக்காரர்களின் வாதம். பழி கொஞ்சம் குறைகிறது, வாஸ்தவம். கூடவே, இவர் தேற மாட்டார் என்ற எண்ணம் கூடுகிறது என்று உளவியலாளர் நிக் ஹாஸ்லம் போன்றவர்களின் ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியும் இந்த நம்பிக்கை அசையாமல் நிற்பதற்குக் காரணம், அது எல்லோருக்கும் வசதி. கூட்டம் நெரியும் ஓ.பி.யில் சீட்டு எழுத ஐந்து நிமிடம் போதும். ஓர் அமர்வுக்கு ஐம்பது நிமிடம் வேண்டும். மருந்துக் கம்பெனிக்கு வசதி. எல்லோரையும் விட வீட்டாருக்கு வசதி: கெமிக்கல் என்று முடித்துவிட்டால், நோயாளிக்குச் சின்ன வயதில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.