தனித் தட்டு வேண்டாம்

தியானப் பகுதி: தானியேல் 1:3-16



பிரசங்க மேடையில் நாம் அதிகம் பேசாத ஒன்றை இந்த வாரத் தியானத்திற்கு எடுத்துக்கொள்கிறேன். வயதுக்கு மிஞ்சிய உடல் எடையோடு வளரும் நம் பிள்ளைகளைப் பற்றியது அது. இப்படிப்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் வழக்கமாக இரண்டு குரல்கள் கேட்கின்றன. "வளர்கிற பிள்ளை, சாப்பிடட்டும், உயரம் வந்தால் எடை தானாகச் சரியாகிவிடும்" என்பது ஒரு குரல். "வாயைக் கட்டு, ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்கிறது" என்பது மற்றொன்று. முதலாவது குரல் பிள்ளையை அப்படியே விட்டுவிடுகிறது. இரண்டாவது குரல் அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. இரண்டும் பிள்ளைக்கு உதவாது. குடும்பம் முழுவதும் தன் உணவையும் பழக்கத்தையும் மாற்றிக்கொண்டால்தான் பிள்ளை நலம் பெறும் என்பது என் உறுதியான கருத்து.

இது பட்டணத்துப் பணக்காரர்களின் நோய் என்று எண்ணிய காலம் ஒன்று உண்டு. சென்னையில் 51 பள்ளிகளில் 6 முதல் 17 வயது வரையுள்ள ஏறத்தாழ 19,000 மாணவரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வும் அந்த எண்ணத்தை ஒட்டியே இருந்தது. தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 21 பேரும், அரசுப் பள்ளிகளில் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவானவர்களும் மிகை எடையோடு இருந்தார்கள். ஆனால் இன்று தின்பண்டப் பொட்டலமும் குளிர்பானமும் எந்தக் கிராமத்துப் பெட்டிக்கடையிலும் தொங்குகின்றன. பள்ளி வயதுப் பிள்ளைகளில் எடை குறைந்தவர்களைவிட உடல் பருமன் உள்ளவர்களே உலக அளவில் அதிகமாகிவிட்டார்கள் என்று 2025 செப்டம்பரில் யுனிசெஃப் அறிவித்தது. வரலாற்றில் இது முதல் முறை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வோ, தமிழகத்தின் வயதுவந்த பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் மிகை எடை உள்ளவர்கள் என்று காட்டியது. இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். பிள்ளையும் பெற்றோரும் ஒரே பானையிலிருந்துதான் உண்கிறார்கள். அப்படியிருக்க, பிள்ளையை மட்டும் திருத்தப் புறப்படுவது எப்படி நியாயமாகும்?

தானியேல் முதலாம் அதிகாரத்தை நாம் ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறோம். பாபிலோன் அரமனைக்குக் கொண்டுவரப்பட்ட எபிரெய வாலிபர்களுக்கு ராஜாவின் உணவும் திராட்சரசமும் கட்டளையாயின. தானியேல் அதை வேண்டாமென்று தன் இருதயத்தில் தீர்மானித்து, பருப்பு முதலிய மரக்கறியும் தண்ணீரும் கேட்டான். அந்தத் தீர்மானம் அவனுக்குள்ளிருந்து வந்தது. யாரும் அதை அவன்மேல் திணிக்கவில்லை. பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி, தங்களுக்குப் பொறுப்பாயிருந்தவனிடம் அவன் பணிவோடு வேண்டிக்கொண்டான். அந்த வேண்டுதலை அவன் தனக்காக மட்டும் வைக்கவில்லை. நான்கு பேரும் ஒரே உணவை உண்டார்கள். பத்து நாள் கழிந்தபின், பொறுப்பாளனே நால்வருக்கும் பழைய உணவை நீக்கிப் புதியதை நிலையாக்கினான்.

இந்தப் பகுதியை எடை குறைப்புக்கான ஆதாரமாகச் சிலர் எடுத்துக்காட்டுவதுண்டு. அது பொருந்தாது. அந்த வாலிபர்கள் மெலிந்து போனதாக வேதம் சொல்லவில்லை. மற்றவர்களைவிடச் சதைப்பிடிப்போடு காணப்பட்டார்கள் என்றே சொல்லுகிறது. சதைப்பிடிப்பை அங்கே நலத்தின் அடையாளமாகக் கண்டார்கள். ஆகவே பருத்த சரீரத்தைப் பாவமென்று தீர்க்க நமக்கு வேத ஆதாரம் இல்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே உணவை உண்ணும் இரு பிள்ளைகளில் ஒன்று மெலிந்தும் மற்றொன்று பருத்தும் இருக்கக் காண்கிறோம். மரபணுவுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. மனுஷன் முகத்தைப் பார்க்கிறான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்று சாமுவேல் தீர்க்கதரிசி கற்றுக்கொண்ட பாடத்தை நாமும் கற்க வேண்டும். அப்படியானால் கவலை எதற்கு? மிகை எடையோடு வளரும் பிள்ளைக்கு இளவயதிலேயே சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கல்லீரலில் கொழுப்பு, உறக்கத்தில் மூச்சுத் திணறல் ஆகியவை வரும் அபாயம் கூடுகிறது. முன்பு நாற்பது வயதில் கண்ட சர்க்கரை நோயை இப்போது பதின்ம வயதினரிடமும் மருத்துவர்கள் காண்கிறார்கள். பிள்ளையின் சரீரமும் தேவனுடைய ஆலயமே. அதன் அழகுக்காக அல்ல, அதன் ஆயுளுக்காகவே நாம் கவலைப்படுகிறோம்.

தானியேல் பகுதியில் நாம் கண்ட ஒருமித்த உணவின் பயனை மருத்துவ ஆய்வும் வேறு வழியில் உறுதி செய்கிறது. அமெரிக்க ஆய்வாளர் லெனார்ட் எப்ஸ்டைன், மிகை எடையுள்ள 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1990இல் முடிவை வெளியிட்டார். எல்லாருக்கும் உணவைப் பற்றியும் உடற்பயிற்சியைப் பற்றியும் ஒரே போதனைதான் கிடைத்தது. ஒரு பிரிவில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து மாறும்படி ஊக்குவிக்கப்பட்டார்கள். இன்னொரு பிரிவில் பிள்ளை மட்டும். பத்து ஆண்டுகளுக்குப் பின் முதல் பிரிவினரின் மிகை எடை 7.5 விழுக்காட்டுப் புள்ளி குறைந்திருந்தது. பிள்ளையை மட்டும் மாற்ற முயன்ற பிரிவிலோ அது 4.5 புள்ளி கூடியிருந்தது. 2023இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் 452 பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் இரண்டு ஆண்டுகள் பங்கேற்றார்கள். அதில் பிள்ளையோடு பெற்றோரின் எடையும் சீரடைந்தது. சிகிச்சையில் சேராமல் அதே வீட்டில் வாழ்ந்த சகோதர சகோதரிகளும் பயனடைந்தார்கள். வீட்டுத்தலைவன் மனந்திரும்பியபோது வீட்டார் அனைவரும் மகிழ்ந்த பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனின் குடும்பம் என் நினைவுக்கு வருகிறது.

நம் பகுதியின் நிலையையும் எண்ணிப் பார்ப்போம். மேல்பட்டாம்பாக்கத்தைச் சுற்றிலும் கரும்பு விளைகிறது. அருகிலுள்ள நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை தோன்றியது 1842இல். இனிப்பு நமக்கு அயலான பொருள் அல்ல. அது நம் கூலியும் பிழைப்புமாக இருந்து வருகிறது. அதே மண்ணில் பசியும் இருந்தது. 1876-78 பஞ்சத்தின் கொடுமையைச் சென்னை மாகாணம் அனுபவித்தது. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதால் 1956இல் காமராஜர் மதிய உணவைப் பரவலாக்கினார்; 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தது; 2022இல் காலை உணவும் சேர்ந்தது. இந்தப் பசியின் நினைவோடு வளர்ந்த பாட்டி, பேரப்பிள்ளையின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைப்பது அன்பினாலேயே. அந்த அன்பை நாம் ஏளனம் செய்யலாகாது. ஆனால் பஞ்ச காலத்து அன்புக்கும் நிறைவு காலத்து அன்புக்கும் அளவு வேறு. வனாந்தரத்தில் பெய்த மன்னாவை அவரவர் தேவைக்குத் தக்கதாகச் சேர்க்கும்படி கட்டளை இருந்தது; விடியற்காலம்வரை மிச்சம் வைத்தது புழுத்துப்போயிற்று. தேவைக்குப் போதுமானதைத் தருவதும் தேவன் காட்டிய அன்பின் முறையே.

நம் ஊரின் திருச்சபை வரலாறும் இதில் ஒரு பாடம் சொல்லுகிறது. மிஷனெரி ஓக்ஸ், சபைக்குள் சாதி வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் முறையை ஏற்க மனமில்லாமல் லைப்சிக் மிஷனை விட்டு விலகியவர். இங்கே மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற பெயரோடு அவர் தொடங்கிய ஊழியத்தை, 1860-களில் டேனிஷ் மிஷன் சங்கம் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதன் வழியில் வளர்ந்ததே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. கிறிஸ்துவின் வீட்டில் ஒருவரைத் தனியே பிரித்து வைக்கக் கூடாது என்ற உறுதி இந்த ஊழியத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், எல்லாரும் பூரி உண்ணும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டில் காய்கறியை வைத்து, "நீ இதைத்தான் தின்ன வேண்டும்" என்று சொல்லலாமா? நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை அந்தத் தட்டில் காண்பது புறக்கணிப்பையே. பின்பு யாரும் பார்க்காத நேரத்தில் ஒளித்துத் தின்னக் கற்றுக்கொள்ளும்.

அப்படியானால் வீட்டார் என்ன செய்யலாம்? எல்லார் தட்டையும் ஒன்றாக மாற்றுங்கள். தட்டில் பாதி காயும் கீரையும் இருக்கட்டும். மீதியில் சோறும் பருப்பும் முட்டையோ மீனோ பங்கிட்டுக்கொள்ளட்டும். குளிர்பானத்தைப் பிள்ளைக்கு மறுத்துத் தகப்பன் குடிக்க வேண்டாம். வீட்டுக்குள் வாங்காமலே இருங்கள். 250 மில்லி கோலா பானத்தில் ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி சர்க்கரை கரைந்திருக்கிறது. தொலைக்காட்சிக்கு முன்பாக உண்ணும் வழக்கத்தை விட்டு, நாளில் ஒரு வேளையாவது அனைவரும் கூடி உட்கார்ந்து, ஜெபித்து உண்ணுங்கள். நல்ல மதிப்பெண்ணுக்குப் பரிசாகக் கேக்கையும், அழுகைக்கு ஆறுதலாக மிட்டாயையும் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பள்ளி முடிந்ததும் டியூஷன், அதன்பின் கைப்பேசி என்று நாள் கழிந்தால் அந்த 60 நிமிடம் எங்கிருந்து வரும்? பூப்பெய்திய பெண்பிள்ளை ஓடி விளையாடக் கூடாது என்று யாரும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது, அதையும் நீக்குங்கள். மாலையில் தாயும் தகப்பனும் உடன் நடந்தால் பிள்ளையும் நடக்கும். இரவு நேரத்தோடு விளக்கை அணையுங்கள். உறக்கம் குறைந்தால் பசி கூடுகிறது.

இரண்டு எச்சரிக்கைகளும் அவசியம். பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள்; விளம்பரத்தில் வரும் பொடியையும் மாத்திரையையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். வளரும் பருவத்தில், எடை கூடாமல் நின்று உயரம் கூடினாலே பல பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருக்கும். எது தேவை என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். பிள்ளை உணவையே வெறுத்து ஒதுக்கினாலோ, தன் உருவத்தை எண்ணி ஒடுங்கிப்போனாலோ, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

"காய்கறி விலை தெரியாமல் பேசுகிறீர்கள்" என்று சிலர் மனதுக்குள் சொல்லக்கூடும். நியாயமான வார்த்தை அது. இரவு ஏழு மணிக்கு வேலையிலிருந்து திரும்பும் தாய்க்கு, கடைப் பரோட்டா எளிதாகவும் மலிவாகவும் தோன்றும். அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. ஆயினும் முருங்கைக்கீரையும் கேழ்வரகும் கம்பும் வேர்க்கடலையும் நம் பக்கத்தில் கிடைக்காத பொருள்கள் அல்ல. நாள்தோறும் வாங்கும் பொட்டலத் தீனியின் காசைச் சேர்த்து வைத்தால் வாரத்தில் சில நாள் பழம் வாங்கலாம். சமையலைத் தகப்பனும் வளர்ந்த பிள்ளைகளும் பகிர்ந்துகொண்டால் தாயின் பாரமும் குறையும்.

சபைக்கும் பங்கு உண்டு. ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்புவித்த பிள்ளைக்கு மிட்டாய்க்குப் பதிலாகப் பென்சிலோ படப்புத்தகமோ கொடுக்கலாம். ஆராதனைக்குப் பின் தேநீரோடு வடையும் பிஸ்கட்டும் வைப்பதற்குப் பதிலாகச் சுண்டல் வைக்கலாம். அன்பின் விருந்தில் காய்கறியும் பிரியாணிக்குச் சமமான இடம் பெறட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் நாவைக் காப்போம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் பருமனான பிள்ளைக்கு எப்போதும் சிரிப்பு மூட்டும் வேடத்தையே கொடுக்கிறோம். உருவத்தை வைத்துப் பட்டப்பெயர் சூட்டி, அதைச் செல்லம் என்கிறோம். அந்தப் பிள்ளை சபையாரோடு சேர்ந்து சிரிக்கும். வீட்டுக்குப் போய் அழும். சிறியவரில் ஒருவனையும் இடறப்பண்ணாதபடி எச்சரித்த ஆண்டவருக்கு இதற்கும் நாம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

நானும் என் வீட்டாருமோவென்றால் கர்த்தரையே சேவிப்போம் என்ற பொருளில் யோசுவா அறிக்கையிட்டபோது, தன்னைத் தனியாகவும் வீட்டாரைத் தனியாகவும் அவன் பிரிக்கவில்லை. உங்கள் உணவறையிலும் அந்த அறிக்கையைச் செய்யுங்கள். பத்து நாள் மட்டும், வீட்டார் அனைவரும் ஒரே உணவை உண்டு, ஒன்றாக நடந்து பாருங்கள். தானியேலும் பத்து நாளில்தான் தொடங்கினான்.

ஜெபம்:

எங்களைப் போஷிக்கிற பரம பிதாவே, நீர் தந்த பிள்ளைகளுக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். அவர்கள் சரீரத்தைக் குறித்து நாங்கள் பேசும் வார்த்தைகளைப் பரிசுத்தப்படுத்தும். பாரத்தைப் பிள்ளைமேல் மட்டும் சுமத்தாமல், வீட்டார் அனைவரும் சேர்ந்து சுமக்கும் அன்பைத் தாரும். எங்கள் பந்தியில் ஒருவரும் தனித்துப் போகாதபடி காத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.